பெரியப்பா பிறந்த அறை

காலை ஏழு பத்து. முதலில் கண்ணில் பட்டது ஒரு கிணற்றுக் கயிறு. அதன் ஒரு நுனி, ஆஸ்பத்திரியின் பின்புறத்தில் கான்கிரீட் மூடி போட்ட பழைய கிணற்றின் இரும்பு வளையத்தில் கட்டியிருந்தது. மறுநுனி பெரியப்பாவின் வலது கையில் இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டி, இடது கையால் வலப்பக்க அடிவயிற்றை அழுத்திப் பிடித்தபடி, கிணற்றைப் பார்த்துக்கொண்டே பின்பக்கமாக நடந்து தெற்குச் சுவரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். நர்சுகள் வேலை மாறுகிற நேரம். வந்தவர்களும் போனவர்களும் கயிற்றுக்குக் கீழே குனிந்து கடந்தார்கள். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

"என்ன பெரியப்பா இது?"

"அளவெடுக்குகேன். நீ நடுவுல பிடி மக்கா. தொங்க விடாத, இழுத்துப் பிடி."

"எதுக்கு?"

"எனக்க முறி எங்கன்னு பாக்கதுக்கு."

முறி என்றால் அறை. கேரள எல்லையோரத்தில், அந்த ஆஸ்பத்திரி நிற்கிற இடத்தில்தான் எங்கள் வீடு இருந்தது. குழித்துறைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு டாக்டர் வீட்டின் முன்னறையை வாடகைக்கு எடுத்து நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்தார். கூட்டம் பெருகப் பெருக அவர் ஒவ்வொரு அறையாக உள்ளே வந்தார், தாத்தா ஒவ்வொரு அறையாகப் பின்னால் போனார். அடுக்களையில் உட்கார்ந்து பேப்பர் படிக்க வேண்டிய நிலை வந்தபோது, தாத்தா வீட்டையும் சுற்றியிருந்த பறம்பின் முன்பாதியையும் டாக்டருக்கே எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்பாதியில் வேறு வீடு கட்டிக்கொண்டார். பெரியப்பா இன்றும் அந்தப் பின்பாதி வீட்டில்தான் இருக்கிறார். பெரியம்மா காலமாகிவிட்டார். செய்தித்தாள் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நானும் அங்கே போய்ச் சேர்ந்துகொண்டேன். ஆஸ்பத்திரிக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு மதில். மதிலில் ஒரு பின்வாசல்.

அந்தப் பின்வாசலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் யாரும் ஆஸ்பத்திரிக்கு முன்வாசல் வழியாகப் போனதில்லை. டோக்கன் எடுத்ததில்லை. பின்வாசல் வழியாக நுழைந்து, கேன்டீனைத் தாண்டி, நேராக டாக்டரின் அறைக்கதவைத் தட்டுவது வழக்கம். டாக்டர் அதை ஒப்புக்கொண்டார். அவருக்குப் பிறகு ஆஸ்பத்திரியை நடத்திய மருமகன் முகம் சுளித்தபடி ஒப்புக்கொண்டார். மருமகனிடமிருந்து அதை வாங்கிய வளைகுடா நண்பர்கள், மாடிக்கு ஒருவராகப் பொறுப்பெடுத்து, லிஃப்ட் முதலில் எந்த மாடியில் நிற்க வேண்டும் என்பதிலேயே சண்டை போட்டுக்கொண்டிருந்ததால் பின்வாசலைக் கவனிக்கவில்லை. இப்போது இருப்பது ஒரு கம்பெனி. தலைமை அலுவலகம் வேறு மாநிலத்தில். அதன் எம்.டி.யை இங்கே யாரும் நேரில் பார்த்ததில்லை, திரையில் பார்த்திருக்கிறார்கள். கம்பெனி வந்ததும் பின்வாசலுக்கு ஒரு செக்யூரிட்டியை நியமித்தது. அவர் காஞ்சிரங்குளத்துக்காரர். பெரியப்பாவைக் கண்டால் எழுந்து நின்று கதவைத் திறந்துவிடுவார். கம்பெனி அவருக்குச் சம்பளம் கொடுப்பதே இதற்குத்தான் என்பது பெரியப்பாவின் எண்ணம்.

"பின்வாசல் பத்திப் பத்திரத்தில ஏதாவது உண்டா?" என்று ஒருமுறை கேட்டேன். பெரியப்பா சப்ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றவர்.

"பத்திரத்தில எழுதினா வக்கீல் வருவான். வாயால சொன்னா எவன் வருவான்?" என்றார். "பூமியத்தானே எழுதிக் குடுத்தோம். உள்ள கேறுத வழிய எழுதலியே."

அந்தச் சமயத்தில் ஆஸ்பத்திரியின் வரலாற்றை நான் எழுதிக்கொண்டிருந்தேன். புதிய கட்டடத் திறப்பு விழாவுக்கு ஒரு மலர் போடப் போவதாகவும், அதற்கு நான்தான் எழுத வேண்டும் என்றும் பி.ஆர்.ஓ. வந்து கேட்டிருந்தாள். ஆரியங்கோட்டுப் பெண், வேகமாகப் பேசுகிறவள், தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பாள். இந்த ஆஸ்பத்திரி யாருடையது என்று ஊரில் விசாரித்தேன். ஆட்டோ ஸ்டாண்டில் 'டாக்டருக்க ஆஸ்பத்திரி' என்றார்கள். டீக்கடையில் 'கல்ஃப்காரன்மாருக்க' என்றார்கள். எங்கள் வீட்டில் 'நம்ம ஆஸ்பத்திரி' என்பதற்கு மேல் பேச்சே கிடையாது. பி.ஆர்.ஓ. தந்த தாளில் கம்பெனியின் பெயர் மட்டும் இருந்தது. நான்கையும் எழுதிக் கொடுத்தேன். அவள் மூன்றை அடித்தாள். திருத்திய பிரதியைப் பெரியப்பாவிடம் காட்டினேன். அவர் மிச்சமிருந்த ஒன்றை அடித்தார்.

கயிற்றுக்கு வருகிறேன். பெரியப்பாவுக்குக் குடலிறக்கம். போன ஓணத்திலிருந்து இருக்கிறது. சிரித்தால் பிதுங்கும், தும்மினால் பிதுங்கும். அதனால் அவர் இருக்கும்போது வீட்டில் வேடிக்கைப் பேச்சுக்குத் தடை. வீட்டில் வேடிக்கையாகப் பேசுகிறவர் அவர் ஒருவர்தான் என்பதால் அந்தத் தடையால் கஷ்டப்பட்டவரும் அவர்தான். எதையாவது சொல்ல வாயெடுப்பார், அது எவ்வளவு வேடிக்கையாக இருக்கும் என்று யோசிப்பார், அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொள்வார்.

சர்ஜன் விஷயத்தை மறைக்கவில்லை. குடல் ஒருநாள் உள்ளே திரும்பாமல் சிக்கிக்கொள்ளும், சிக்கினால் அவகாசம் மணிக்கணக்கில்தான், இந்த வயதில் அந்த அவசரத்தில் அறுப்பது ஆபத்து, இப்போதே செய்துகொண்டால் மறுநாள் எழுந்து நடக்கலாம் என்றார். பெரியப்பா தலையாட்டினார். பிறகு மழை கழியட்டும் என்றார். சிவராத்திரி வரட்டும் என்றார். ரப்பர் வெட்டு முடியட்டும் என்றார். காரணங்கள் தீர்ந்துபோன வாரத்தில்தான் கயிறு வந்தது.

"நான் பெறந்த முறியில கெடத்தினா அறுக்கட்டு," என்றார் சுவரை நெருங்கியபடி. "இல்லைன்னா நான் இப்பிடியே பிடிச்சிட்டு நடக்கேன்."

"வீட்டத்தான் இடிச்சாச்சே பெரியப்பா."

"வீட்டத்தானே இடிச்சான்? எடத்த இடிச்சானா? தெக்கு முறி ஜன்னல்ல நின்னா கிணத்துல யாரு தண்ணி கோருகான்னு நேரே தெரியும். கயிறு எங்க போய் முட்டுகோ அதாக்கும் எனக்க முறி."

கயிறு ஒரு ஏ.சி. பெட்டியில் போய் முட்டியது. அவர் அதை அந்தப் பெட்டியின் கம்பியில் கட்டினார். மேலே ஜன்னல் திறந்தது. உள்ளே இருந்தது பி.ஆர்.ஓ.

"அங்கிளே, எந்தா இது?"

"இது எனக்க முறியாக்கும் மோளே."

"இது பி.ஆர். டிபார்ட்மென்ட் ஆணு."

"இப்ப. நான் சொல்லுகது முன்ன."

அவள் என்னைப் பார்த்தாள். நான் கயிற்றைப் பார்த்தேன். பெரியப்பா தன் நிபந்தனையை ஜன்னலுக்குக் கீழே நின்றபடி ஒருமுறை சொன்னார். அவள் கேட்டுவிட்டு, முடியாது என்று இரண்டு கைகளையும் விரித்தாள். "அய்யோ, அது பற்றூல அங்கிளே. ஆபீஸ் ரூமில் எங்ஙனே பேஷன்டை இடும்?"

"பற்றூலன்னா விடு. வெளக்கு கொளுத்துகதுக்கு வேற ஆளப் பாத்துக்க."

திறப்பு விழாவில் குத்துவிளக்கை ஏற்றப் போவது பெரியப்பா என்று அழைப்பிதழில் அச்சாகிவிட்டிருந்தது. நிலம் கொடுத்த குடும்பத்தின் மூத்தவர் என்ற முறையில், எம்.டி.யே கேட்டுக்கொண்ட ஏற்பாடு. பி.ஆர்.ஓ. ஜன்னலைச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் திறந்து, "அங்கிள், அஞ்சு மினிட். கயிறு அவிடெ இரிக்கட்டே," என்றாள்.

அவளுடைய அறை முன்பு ஒரு டீலக்ஸ் அறையாக இருந்ததுதான். குளியலறை உண்டு. சுவரில் ஆக்சிஜன் குழாயின் வாய்கூட இருந்தது, அவள் அதில் கைப்பையை மாட்டி வைத்திருந்தாள். மத்தியானம் எம்.டி. திரையில் வந்தார். பி.ஆர்.ஓ. நிலைமையை விளக்கினாள். பிறந்த அறையிலேயே சிகிச்சை பெறும் முதியவர் என்று கேட்டதும் அவருக்கு விஷயம் பிடித்துப்போனது. எந்தப் போட்டி ஆஸ்பத்திரியிலும் இப்படி ஒன்று கிடைக்காது என்றாராம். அறையைக் கொடுக்கவும், அதற்கு ஒரு ஃப்ளெக்ஸ் அடிக்கவும் அப்போதே உத்தரவாயிற்று. சாயந்தரம் அவளுடைய மேசை வராந்தாவுக்கு வந்தது. மறுநாள் கட்டில் உள்ளே போனது.

செய்தியைச் சொன்னபோது பெரியப்பா காப்பி குடித்துக்கொண்டிருந்தார். "தந்தானுவளா?" என்று கேட்டார். டம்ளரைக் கீழே வைத்தார். காப்பியில் பாதி மிச்சமிருந்தது.

மலருக்காக நான் ஒரு வரி எழுதினேன். 'இதே அறையில்தான் தாம் பிறந்ததாக அவர் கூறுகிறார்.' பி.ஆர்.ஓ. வராந்தா மேசையிலிருந்து அதைப் படித்துவிட்டு, "கூறுகிறார் எந்தினா சார்? பிறந்தார்ன்னே போடலாமே," என்றாள். இன்னொருவரும் சொன்னால் போடலாம் என்றேன். அதைச் சொல்லக்கூடிய இன்னொருவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான் மிச்சம். கள்ளிக்காட்டில் இருக்கும் அத்தை, பெரியப்பாவின் நேர் தங்கை.

அத்தைக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. மூட்டு மாற்றிக்கொள்ளச் சொல்லி மகள் பல வருஷங்களாகக் கெஞ்சுகிறாள். அத்தைக்கு ஒரே பதில்தான். "ஊரான் கெட்டிடத்தில நான் கத்திக்குக் கெடக்க மாட்டேன். பெறந்த வீட்ல வச்சுச் செய்யுகாவளா? அப்பம் நான் வாறேன்." வீடு இடிக்கப்பட்டது அத்தைக்கும் தெரியும். தெரிந்துதான் சொல்வாள்.

ஃபோனில் விஷயத்தைச் சொல்லி, பெரியப்பா பிறந்தது தெற்கு அறையில்தானே என்று கேட்டேன்.

"எப்பம் அறுக்காவ?" என்று கேட்டாள் அத்தை.

"வியாழக்கிழமை."

"அறுத்து முடியட்டு. அப்பொறம் கேளு."

"இல்ல அத்தை, மலருக்கு…"

"எலே, நான் சொல்லுகது கேக்கலியா? அறுத்து முடியட்டு. அண்ணாச்சிகிட்ட நான் ஒண்ணும் சொன்னேன்னும் சொல்லாத."

அவள் ஒன்றும் சொல்லவில்லைதான். 'கூறுகிறார்' அப்படியே அச்சுக்குப் போயிற்று.

விழாவில் பெரியப்பா விளக்கேற்றினார். வலது கையில் மெழுகுவர்த்தி, இடது கை வழக்கமான இடத்தில். படமெடுத்தவர் அந்தக் கையை எடுக்கச் சொல்லி மூன்று விதமாகச் சைகை காட்டினார். பெரியப்பா அசையவில்லை. பேசியவர்கள் எல்லாரும் ஆஸ்பத்திரி எப்படி வளர்ந்தது என்று பேசினார்கள். டாக்டர் வீட்டுக்குள் அறை அறையாக வந்ததையும் தாத்தா அடுக்களைக்குப் போனதையும் யாரும் சொல்லவில்லை. அது மலரிலும் இல்லை.

வியாழக்கிழமை காலை அவரைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். வண்டியில் படுத்தபடி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடி இறுக்கமாக இருந்தது. தியேட்டர் கதவுவரை விடவில்லை. அங்கே ஒரு நர்ஸ் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். "அப்பச்சா, பேடியோ?" என்று கேட்டாள். பயமா என்று. "எனக்கா?" என்றார் பெரியப்பா. "இவனுக்காக்கும் பேடி. அதான் பிடிச்சேன்."

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. சர்ஜன் வெளியே வந்து, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் சிக்கியிருக்கும் என்றார். பெரியப்பாவைத் தெற்கு அறைக்குக் கொண்டுவந்து கிடத்தினார்கள். அதே நேரத்தில் முன்வாசலிலும் பாறசாலை வழி திருப்பத்திலும் ஃப்ளெக்ஸ் ஏறியது. விளக்கேற்றும் படம் பெரிதாக, மேலே மலையாளத்திலும் கீழே தமிழிலும் இரண்டு வரிகள்: 'பிறந்த அறையிலேயே நலம் பெற்றார். இது உங்கள் வீடு.' இடது கை இருந்த பகுதியை வெட்டிவிட்டிருந்தார்கள்.

சனிக்கிழமை அத்தை வந்தாள். கள்ளிக்காட்டிலிருந்து மகள் காரில் கூட்டிவந்தாள். குடும்ப வழக்கப்படி கார் பின்வாசலில் நின்றது. அதனால் ஃப்ளெக்ஸ் அத்தையின் கண்ணில் படவில்லை. ஊன்றுகோலைத் தட்டித் தட்டி வராந்தாவைக் கடந்து, மேசையில் இருந்த பி.ஆர்.ஓ.விடம் "எந்தா மோளே, வெளிய இரிக்குந்நு?" என்று விசாரித்துவிட்டு, உள்ளே வந்து கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்தாள். சுவரைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். எழுந்து போய் எட்டிப் பார்த்தாள். கிணறு நேரே தெரிந்தது.

"தெக்கு முறிதான்," என்றாள். "கயிறு பொய் சொல்லல. தையல் எப்பிடி?"

"கொள்ளாம்," என்றார் பெரியப்பா. அவர் வயிற்றின் மேல் ஒரு தலையணை இருந்தது. இருமலோ சிரிப்போ வந்தால் அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும்படி நர்ஸ் சொல்லியிருந்தாள்.

"இனி பிரியாதுல்லா?"

"பிரியாதுன்னு டாக்டர் சொன்னாரு."

"அப்பொ சொல்லலாம்." அத்தை ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தாள். "அண்ணாச்சி, நீரு இஞ்ச பெறக்கல்ல."

பி.ஆர்.ஓ. வராந்தாவிலிருந்து வாசலுக்கு வந்துவிட்டாள்.

"தலைப்பிரசவத்த எவளாவது மாமியார் வீட்ல பாப்பாளா? நீரு மூத்த பிள்ளை. அம்மைய ஏழாம் மாசம் காஞ்சிரங்குளத்துக்குக் கூட்டிட்டுப் போயாச்சு. அங்கதான் பெறந்தீரு. மூணு மாசம் களிஞ்சு தூக்கிட்டு வந்தாவ. இந்த முறியில பெறந்தது நானாக்கும்."

எங்கள் பக்கத்தில் இது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். முதல் குழந்தை அம்மாவின் தாய்வீட்டில், அடுத்தவை எங்கே வேண்டுமானாலும். பெரியப்பா தம் சொந்த மருமகளை ஏழாம் மாதம் அவளுடைய வீட்டுக்கு அனுப்பி வைத்தவர். அதைத் தம் பிறப்போடு சேர்த்து அவர் யோசித்திருக்க மாட்டார் என்று நான் நினைத்தேன்.

"அங்கிளே!" என்றாள் பி.ஆர்.ஓ. "ஃப்ளெக்ஸ் வச்சாச்சு!"

பெரியப்பா தலையணையைப் பிடித்துக்கொண்டார். தோள் குலுங்கியது.

"அது எனக்குத் தெரியாதாக்கும்?" என்றார்.

"தெரியுமா?" என்றாள் அத்தை.

"ஏட்டி, அம்மை எனக்கும் அம்மைதானே. எனக்கிட்ட சொல்லியிருக்கமாட்டாளா?" குரல் இறங்கியது. "அறுப்புன்னு கேட்டதும் ஒறக்கம் போச்சு. என்ன காரணம் சொன்னாலும் அந்த டாக்டரு விடல்ல. இத கேட்டா தரமாட்டானுவன்னு நெனச்சேன். ஆபீஸ் முறியில்லா? எவன் தருவான்? சனியன்மாரு தந்துட்டானுவ."

"தந்தப்போ நெஜத்தச் சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"எப்பிடி மக்கா சொல்லுகது? அந்தக் கொச்சுப் பிள்ளை தனக்க மேசையத் தூக்கி வெளிய போட்டுட்டு நிக்கி."

அத்தை சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்து அவருக்கும் வந்தது. தலையணையை இரண்டு கைகளாலும் அமுக்கிக்கொண்டு, சத்தம் வராமல், கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஓணத்திலிருந்து சேர்த்து வைத்ததெல்லாம் வந்தது. நர்ஸ் ஓடிவந்து கட்டைத் திறந்து பார்த்தாள். தையல் பிரியவில்லை.

மூச்சு திரும்பியதும் பெரியப்பா தங்கையின் கால்களைப் பார்த்தார்.

"ஏட்டி, நீ இஞ்சயா பெறந்த?"

"பின்னே? இதே மூலையில."

"ஒறப்பா?"

"ஒறப்பு. பேறு பாத்த வயற்றாட்டிக்க பேருகூட அம்மை சொல்லித் தந்திருக்கா."

"பெறந்த வீட்ல வச்சுச் செஞ்சா முட்டு மாத்த வாறேன்னு சொல்லிட்டிருந்தியே," என்றார் பெரியப்பா.

மகள் அதற்குள் ஃபோனை எடுத்துக்கொண்டு எலும்பு டாக்டரைத் தேடி வெளியே போய்விட்டாள். அத்தை சுவரில் சாய்த்த ஊன்றுகோலை எடுத்தாள், எழுந்திருக்கப் பார்த்தாள், முழங்கால் எழவிடவில்லை.

"அண்ணாச்சி," என்றாள், "நான் காஞ்சிரங்குளத்திலயா பெறந்தேன்னு ஒரு சம்சயம் உண்டு."

"வயற்றாட்டிக்க பேரச் சொல்லு," என்றார் பெரியப்பா.

பி.ஆர்.ஓ. வாசலில் நின்றபடி அத்தையை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தன் ஃபோனை உயர்த்தி, "ஆன்டீ, ஒந்நு இங்ஙோட்டு நோக்கிக்கே," என்றாள். அத்தை பழக்கத்தில் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அத்தையின் வலது முழங்கால் அடுத்த மாதம் மாற்றப்பட்டது. பாறசாலை வழி திருப்பத்தில் இருந்த ஃப்ளெக்ஸில் எழுத்து அப்படியே இருந்தது. படத்தை மட்டும் மாற்றினார்கள்.